தானே மூடும் கதவு

டென்மார்க்கின் விபோர்க் நகரின் புறத்தே, ஆறு வளைந்தோடும் புல்வெளியின் இரு கோடியிலும், மாடுகள் வெளியேறாதபடி மரக்கதவுகள் உண்டு. கையை எடுத்ததும் ஸ்பிரிங் இழுக்க, அவை அறைந்து மூடும். மாலைதோறும் யோகராசா தேவாரத்தை முணுமுணுத்தபடி முன்னே நடப்பார். மனைவி திலகவதி பின்னே வருவாள்.

“என்ர முகத்தில கதவை அடியாமல், கொஞ்சம் நிண்டால் என்னப்பா?” என்பாள். அவர் ஒருநாளும் நின்றதில்லை.

அவள் இறந்த பிறகும் அவர் நடந்தார். அவர் கடந்த பின்னர், ஒருவர் கடக்கும் நேரம் கதவு திறந்தே நின்று மெல்ல மூடியது. நாள்தோறும் அப்படியே. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தாமதமே அவரை உயிரோடு வைத்திருந்தது.

நேற்றுப் புல்வெளியைவிட்டு வெளியேறும் கதவைத் திறந்தபடி சொன்னார்: “திலகம், பிள்ளை என்னைக் கொப்பன்ஹேகனுக்கு வரச் சொல்லுறாள். வீட்டை விக்க ஓமெண்டிட்டன். நீயும் வருவாய்தானே?”

கதவு அவர் குதிகாலருகே அறைந்து மூடியது.

அவர் முதன்முறையாகத் திரும்பினார். கதவை மீண்டும் திறந்து, பிடித்துக்கொண்டார்.

“இஞ்சை பார், நிக்கிறன். வாவன்.”

மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலை தூக்கின, அவரை நோக்கியல்ல. புல்வெளியின் மறுகோடியில், வீட்டுப் பக்கம் இருந்த கதவு தானே திறந்தது. ஒருவர் கடக்கும் நேரம் நின்றது. பின்பு மெல்ல மூடிக்கொண்டது.