அச்சில் வராத சீட்டு

ஆக்ஸ்போர்டு மழை அகராதி அலுவலகத்து ஜன்னலில் வழிகிறது. வினிஃப்ரெட் 'கிளீவ்' என்ற ஆங்கிலச் சொல் வரும் புத்தக வரிகளை எழுதிவைத்த மேற்கோள் சீட்டுகளைச் சலிப்போடு பிரிக்கிறாள். பிளப்பது என்ற பொருளில் வந்தால் இடப்பக்கம், ஒட்டிக்கொள்வது என்றால் வலப்பக்கம். வெவ்வேறு வேரில் பிறந்த இரண்டு பழஞ்சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே உருவமாகி அவள் உயிரை வாங்குகின்றன. எதிரே ஆறிப்போன தேநீரோடு ஹம்ஃப்ரி. போன மாதம் வரை அவள் கணவன். ஒரு சீட்டில் அவள் கை நிற்கிறது. அவன் கையெழுத்து: 'சாகும்வரை வின்னியோடு ஒட்டியிருப்பேன்.' காதலித்த நாளில் சீட்டுப் பெட்டிக்குள் செருகியிருக்கிறான்.

"எந்தப் புஸ்தகத்துல வந்துச்சாம் இது?"

எட்டிப் பார்த்தவன் முகம் சுருங்குகிறது. "அச்சுல வராததுக்கு இங்க இடமில்ல. கிழிச்சுப் போடு, வின்னி."

"எனக்குக் கை ஓய்ஞ்சுபோச்சு. நீயே கிழி."

சீட்டை வாங்கிக்கொள்கிறான். கிழிபடும் சத்தத்துக்காக அவள் குனிந்தபடியே காத்திருக்கிறாள். மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது.