பால் சொம்பு

ராஜத்தின் தலை கொள்ளாமல் மல்லிகை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் புது வளையல், நெற்றியில் அகலமாகக் குங்குமம், முகமெல்லாம் மஞ்சள். போதாதென்று குளக்கரையில் கூடியிருந்த பெண்கள் இன்னொரு சரத்தைக் கொண்டுவந்து அவள் கொண்டையில் சொருகினார்கள்.

தெரியாதவர்கள் பார்த்தால் கல்யாணப் பெண் என்றுதான் நினைப்பார்கள். அவள் புருஷன் பஞ்சநாதன் செத்து அன்றைக்குப் பதினாறாம் நாள். எல்லாவற்றையும் பிய்த்துப் போடுவதற்காகத்தான் இந்த அலங்காரம். தாலியைக் கழற்றிப் போட, பக்கத்திலேயே பித்தளைச் சொம்பில் பால் தயாராக இருந்தது.

மங்கையர்க்கரசி வரப்பிலிருந்தே அதைப் பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டாள். பின்னால் பூவம் மாதர் மன்றத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர். ‘அனைத்துலக மகளிர் ஆண்டு. கைம்மைக் கொடுமையை ஒழிப்போம்’ என்று எழுதிய துணியை முன்னால் இரண்டு பேர் விரித்துப் பிடித்திருந்தார்கள். ராஜத்தின் தாலியில் யாரையும் கை வைக்க விடுவதில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்தாயிற்று. தீர்மானம் போட்டவளே மன்றத் தலைவி மங்கைதான்.

இருபது வயதில் இதே மாதிரி ஒரு கரையில் உட்கார்த்தி வைத்துத்தான் அவளுடைய வளையல்களையும் உடைத்தார்கள். அன்றைக்கு அவள் போட்ட கூப்பாட்டுக்கு ஒருத்தரும் குறுக்கே வரவில்லை. இந்தப் பெண்ணுக்காவது நாம் குறுக்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

முந்தாநாள் துக்கம் கேட்கப் போனபோது, மாமியார் தண்ணீர் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து ராஜத்தின் காதில் விஷயத்தைப் போட்டாள். பதினாலு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த பெண், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அப்ப இது கடைசி வரைக்கும் எங் கழுத்துலயே கெடக்குமாக்கா?”

“கடைசி வரைக்கும்” என்று மங்கை அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். அதற்குள் மாமியார் வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. துக்கத்தில் பெண் உறைந்து போயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே மங்கை வீடு திரும்பினாள்.

இப்போது மன்றத்துக்காரர்களைக் கண்டதும் கரையில் சலசலப்பு எழுந்தது. பங்காளிகள் இரண்டு பேர் வந்து துணியைப் பிடுங்கிக் கிழித்துக் குளத்தில் எறிந்தார்கள். யாரோ ஒரு பிடி சேற்றை வாரி வீசினார்கள். அது மங்கையின் தோளில் அப்பியது.

செத்தவனின் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “பொட்டு வச்ச முண்டச்சி ஊரத் திருத்த வந்துட்டாடி. எங்கண்ணன் உசுரோட இருந்தப்ப வாயத் தொறக்காமக் கெடந்த இந்த ராஜத்துக்கு இப்ப ஆள் கூட்டிக்கிட்டு வர்ற அளவுக்குத் துளிர் விட்டுப் போச்சா?”

மங்கையோடு வந்த அந்தோணிமேரியையும் அவள் விடவில்லை. வேதக்காரிக்கு எங்கள் சடங்கில் என்ன வேலை என்று பாய்ந்தாள்.

“ஒங்க சடங்குல எனக்கு ஒரு வேலயும் இல்லீங்க. அந்தப் பொண்ணுகிட்டதான் வேல” என்றாள் அந்தோணிமேரி.

தாலியைக் கழற்றுவதற்காக வெள்ளைப் புடவைக் கிழவிகள் இருவர் எழுந்தார்கள். அவர்கள் கிட்டே வருவதற்குள் மன்றத்துப் பெண்கள் ராஜத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். எங்களை மிதித்துக்கொண்டுதான் அவளைத் தொட வேண்டும் என்றாள் மங்கை. அவளை மிதிக்கக் காலைத் தூக்கினவனும் உண்டு. மற்றவர்கள் பிடித்து இழுத்துக்கொண்டார்கள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. நேரம் தப்புகிறது என்று சடங்கு செய்ய வந்த பரியாரி முணுமுணுத்தார். பந்தலில் சாப்பாடு ஆறுகிறது, வெளியூர்ச் சனம் பஸ்ஸுக்கு நிற்கிறது. கடைசியில் ராஜத்தின் மாமனார் திருஞானசம்பந்தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“என்ன எழவோ பண்ணித் தொலைங்க. தாலி அவ கழுத்துலயே கெடக்கட்டும். சாவுற மட்டும் அவ எம்மவன் பொண்டாட்டியாவே கெடக்கட்டும்” என்று சொல்லிக் காறித் துப்பினார்.

மன்றத்துப் பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருத்தி வாழ்க கோஷம் போட, மற்றவர்கள் கை தட்டினார்கள். மங்கைக்கு, தன் கழுத்துக்கே தாலி திரும்பி வந்த மாதிரி கண் நிறைந்து போயிற்று.

ராஜம் அப்போதுதான் எழுந்தாள். கொண்டைப் பூவில் சிக்கிவிடாமல், மஞ்சள் சரட்டைத் தலைவழியாக நிதானமாக உருவினாள். இரண்டடி நடந்து போய் அதைப் பால் சொம்பில் போட்டாள்.

சரிதான், அண்ணி வழிக்கு வந்துவிட்டாள் என்று நாத்தனார் பாய்ந்து வந்து தலைப் பூவில் கை வைத்தாள். அந்தக் கையை ராஜம் பட்டென்று தட்டிவிட்டாள்.

மங்கை பதறிப் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நாங்க இத்தன பேரு இருக்கையில யாருக்குடி பயந்து கழட்டுன?”

“பயமா? இந்த நாளுக்காகத்தான்க்கா இத்தன வருஷமாக் காத்துக் கெடந்தேன்.”