ஓரங்கட்டிய டிராக்டர்

விசில் சத்தம் காதைக் கிழிக்கிறது. மாங்கூழ் ஆலை கேட்டில், காவேரிப்பட்டினத்துக் கரியப்பனின் டிராக்டரைக் காவலாளி ஓரங்கட்டச் சொல்கிறார். செயலியில் டோக்கன் எடுத்த வண்டிக்குத்தான் உள்ளே வழி. அந்தச் செயலியை எழுதிய லிபியா, புகார் கேட்டு ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நிற்கிறாள். அவள் கையில் கரியப்பனின் பழைய போன் சுடுகிறது. விரிசல் விழுந்த திரையில் செயலி வெள்ளையாகப் பூத்து அணைகிறது. மறுபடி பூக்கிறது, அணைகிறது. போன வாரம் அதைப் புதுப்பித்தபோது ஆபீசில் இருந்த புதுப் போன்களில்தான் சோதித்துப் பார்த்தாள். பழைய போனுக்கேற்ப மாற்றி எழுத இரண்டு நாளாவது ஆகும். டிரெய்லரில் பெங்களூரா ரக மாங்காய் வெயிலில் கனிந்து, பலகை இடுக்கில் சாறு சொட்டுகிறது.

"உன் போன்ல தொறக்குதே கண்ணு, அதுலயே எனக்கொண்ணு போடேன்" என்கிறார் கரியப்பன்.

"அவங்கவங்க பேர்ல பதிஞ்ச போன்ல மட்டுந்தான் டோக்கன் வருங்க. தரகருங்க அள்ளிக்கக் கூடாதுன்னு நானேதான் அப்படி வெச்சேன்." பின்னால் நிற்கும் லாரியின் ஹாரனில் அவள் குரல் அமுங்குகிறது.

கரியப்பன் போனை வாங்கி வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.

"போன் தொறக்கறவகிட்ட மாங்காயில்ல, மாங்கா இருக்கறவன்கிட்ட போன் தொறக்கல. நல்லாத்தாம்மா பண்ணியிருக்கற!"