வேறு பீங்கான்

“ஒனக்கு நான் வேற பீங்கான்ல தாறன், கா. நீ இந்தச் சஹன்ல குந்த வேணாம்.”

றாஹிலா நீட்டிய கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள். பாயின் நடுவே சஹனில் நெய்ச்சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்த அகன்ற தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து ஒன்றாகத் தின்பதுதான் அந்த வீட்டில் ஹஜ்ஜுப் பெருநாள்.

“தொத்துற நோயில்ல எண்டு டாக்குத்தர் சொன்னார், மதினி.”

“அவர் சொல்லுவார். அவரென்ன ஒரு சஹன்ல குந்தித் திண்டா பாத்தார்?” என்றாள் றுகையா. கணவனின் மூத்த சகோதரி. குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. “தம்பி, நீ வா. நாம ரெண்டு பேரும் தின்னுவம்.”

பதியுதீன் ராத்தாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கல்முனைக் கடைத்தெருவில் சாரன் கடை வைத்திருப்பவர், பெருநாள் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். கடற்காற்று ஜன்னல் சீலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்படியிருந்தும் அவர் முகத்தில் வியர்வை வழிந்தது.

றாஹிலா விசிறியை எடுத்து அவர் பக்கமாக வீசத் தொடங்கினாள். காலையில் குளித்த தலையின் ஈரம் இன்னும் அவளுடைய முந்தானையில் ஊறிக்கொண்டிருந்தது.

“பாரன், நோயோட கிடந்தும் புருஷனுக்கு விசுறுறாள்.” றுகையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இறைச்சியைப் பிய்த்துத் தம்பியின் பக்கம் தள்ளினாள். “கொழும்பில என்னதான் செய்யிறாங்க?”

“கரண்டு பிடிக்கிறாங்க. அடிவயித்தில ஊதா மையால கோடு கீறி, அந்தக் கோட்டுக்குள்ள. கோடு அழிஞ்சிரும் எண்டு குளிக்கவும் விடுறாங்க இல்ல. அதோட குளிசையும் குடுக்கிறாங்க.”

“கரண்டு பிடிச்சா மறுகா குளிசை என்னத்துக்கு?”

“ஒண்டு மட்டும் காணாதாம். குளிசை கட்டியப் பட்டினி போடுமாம். கரண்டு அத எரிக்குமாம். ரெண்டும் சேர்ந்தாத்தான் ஆள் தப்பலாமாம்.” எத்தனையோ வாசல்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொற்கள். அவளே அவற்றைக் கேட்கவில்லை. “பொம்புளைச் சத்துள்ள குளிசை அது.”

“பொம்புளைக்கு என்னத்துக்கு கா பொம்புளைச் சத்து? சாரன் நெய்யிற மருதமுனை ஆக்களுக்கே சாரன் விக்கிறாங்களா, அந்த டாக்குத்தர்மார்?”

தன் பகிடிக்குத் தானே சிரித்தாள் றுகையா. பதியுதீன் சிரிக்கவில்லை. சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து கொல்லைப்புறம் போனார். போனவர் வர நேரமெடுத்தது.

றுகையா குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்ட வந்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

“கட்டி கர்ப்பப்பையிலதானே?”

“அதுக்கொரு இங்கிலீசுப் பேர் சொன்னாங்க, மதினி.”

“பேர் என்னவா இருந்தா என்ன. தம்பி ஒன்னக் கூட்டிக்கிட்டு கொழும்பு பஸ் ஏறின அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. ஒருத்தரும் சொல்லாமலே தெருவுக்கும் விளங்கிட்டு. கோபிக்காத, ஒரு விசயம் கதைக்கணும். சம்மாந்துறையில ஒரு பொண்ணு இரிக்கி. புருஷன் மவுத்தாகி ரெண்டு வருசம். அதத் தம்பிக்கு நிக்காஹ் முடிச்சு வைப்பம். அவனுக்கும் ஒரு துணை, ஒன்னையும் பாத்துக்குவா.”

றாஹிலா தன் பீங்கானைப் பார்த்தாள். நெய் உறைந்து, சோற்றைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. நிலவில் நனைந்த உப்பளம் போல.

“அவருக்கிட்டக் கேட்டீங்களா?”

“கேட்டன். வேணாம் எண்டு தலையக் குனிஞ்சிக்கிட்டான். என்ன மாதிரிப் புருஷன் ஒனக்கு! நீ ஒன்ட வாயால சம்மதம் எண்டாத்தான் அவன் இறங்குவான். இல்லாட்டி நாளைக்குத் தெரு என்ன கதைக்கும்? நோய்க்காரி தானும் வாழல்ல, புருஷனையும் வாழ விடல்ல எண்டுதான் கதைக்கும்.”

பதியுதீன் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். றுகையா கையைக் கழுவி முக்காட்டைச் சரிசெய்தாள்.

“அசறு தொழுதிட்டு வாறன், றாஹிலா. நல்ல மறுமொழியா வெச்சிரு.”

படலை சாத்திய சத்தம் கேட்டது. றாஹிலா இரண்டு தட்டுகளையும் எடுத்துப் போய் வைத்தாள். பிறகு அலுமாரியில் துணிகளுக்கடியில் இருந்த குளிசைப் போத்தலையும் ஒரு கிளாஸ் தண்ணீரையும் கொண்டுவந்து பாயில் வைத்தாள்.

“எனக்கு ஏலாமப் போச்சு,” என்றாள். “வழி நெடுகச் செக்கிங், பஸ், ஆஸ்பத்திரி. அதெல்லாம் ஏலும். பெருநாளில தனிப் பீங்கான்ல தின்ன ஏலா. என்னைத் தொட்டுப்போட்டுக் கை கழுவுறாங்க. இப்ப இது வேற. மதினி வந்தா நான் என்ன சொல்லுற?”

பதியுதீன் கழுத்துப் பொத்தானைக் கழற்றி, சட்டைக்குள் வீங்கி நொந்த மார்பைக் கையால் தாங்கிக்கொண்டார். குளிசையைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கிளாஸை வைக்கும்போதும் கண்ணைத் தூக்கவில்லை.

“அந்தப் புறஸ்டேட் ஆம்புளையளுக்கு மட்டும்தான் இரிக்கிற எண்டு ராத்தாக்கிட்டச் சொல்லிராத, புள்ள.”