ஏறாத மீட்டர்

1988 மார்ச் 7, மலேசியாவின் அசாம் ஜாவா. தோட்டத்து ஆட்டோமெட்டிக் கார் முதல் கியரிலேயே உறுமியபடி நஜ்முதீனின் பட்டறைக்கு வந்தது.

“டிரைவர் சன்னாசி கியரைக் கெடுத்துட்டான். எழுதிக் குடுங்க பாய், வேலையை விட்டுத் தூக்கணும்” என்றார் தோட்ட அலுவலகக் கணக்கரான கிராணி சிவானந்தம்.

நஜ்முதீன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். “கியர் நல்லாருக்கு லா. வேகத்தைச் சொல்ற சென்சார் வயரை யாரோ வெட்டியிருக்காங்க. வேகம் தெரியாம கியர் மாறல. ஓடின தூரத்தைக் காட்டுற மீட்டருக்கும் அதே வயர்தான். எவ்வளவு ஓட்டினாலும் ஏறாது.”

“எலி கடிச்சிருக்கும்.”

“கடிச்ச முனைக்கு எலி டேப்பும் சுத்துமா?”

காரை ஓட்டி வந்திருந்த சன்னாசி சிவானந்தத்திடம் சொன்னார்: “சனி, ஞாயிறு சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு ஐயா? பின்சீட்டுல கோலசிலாங்கூர் கடற்கரை நண்டு நாறுது.”

வெள்ளிக்கிழமை சன்னாசி வேலைநீக்கம் செய்யப்பட்டார். கடிதத்தை எழுதியவர் சிவானந்தம். காரணம்: தோட்டத்துக் காரின் சென்சார் வயரை வெட்டியது.