காந்தம் பிடித்த ஏழாவது பிளாப்பி

தொலைந்துவிடக் கூடாதே என்று ஏழாம் எண் பிளாப்பியைக் காந்தத்தால் பீரோவில் ஒட்டிவைத்த புத்திசாலிக் கணவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். காந்தம் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. மனைவியின் ஆறு வருட ஆராய்ச்சி, கல்லூரிக் கணினியிலிருந்து வேறு சிஸ்டம் ஓடும் வீட்டுக் கணினிக்குப் பன்னிரண்டு பிளாப்பிகளில் துண்டு துண்டாக வந்திருக்கிறது. ஒரு துண்டு குறைந்தாலும் மொத்தமும் திறக்காது. டிரைவ் கரகரவென்று இழுத்து, இருமி, ஓய்கிறது. திரையின் நீல வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியில் அசையாமல் கிடக்கிறது. மீதிப் பிளாப்பிகளைச் சீட்டுக்கட்டு போலத் தட்டி அடுக்குகிறாள். “காலேஜ்ல அசல் இருக்குல்லம்மா?” என்கிறான். “பீரோல எதுக்குங்க காந்தம்?” என்கிறாள். “இருக்கா, இல்லையா? சொல்லிடு.” அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்கிறாள். “இருக்கு. நீங்கதான் தூக்கிட்டு வரப்போறீங்கன்னு தெரிஞ்சதும் அழிக்காம விட்டுட்டேன்.”