திட்டாத ஞாயிறு

"வெட்கமா இல்ல? எவனோ பந்தை உதைக்கிறதுக்கு நீங்க ஏன்டா தொண்டை கிழியக் கத்துறீங்க?"

ஆட்டம் நடக்கும் ஞாயிறுகளில் பிர்கித்தே மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்து இப்படித்தான் திட்டுவாள். டென்மார்க்கிலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸுக்கு வந்து ஆறு வருடமாகியும் இந்த ஊர்ப் பைத்தியம் அவளுக்குப் பிடிபடவில்லை. தெருவில் கூடும் ரசிகர்களில் கார்மினே என்பவன் அவள் ஜன்னலுக்கு நேர் கீழேதான் முரசடிப்பான். அவள் திட்டி முடித்ததும் தொப்பியைக் கழற்றி, "நன்றி, சிஞோரா!" என்பான். திமிர்!

கோப்பை யாருக்கு என்று முடிவாகும் ஆட்டத்தன்று அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காதில் பஞ்சடைத்துக்கொண்டாள். இந்த ஜென்மங்களிடம் இனி வாய் கொடுப்பதில்லை.

பஞ்சையும் மீறிக் கதவு இடிபட்டது. பஞ்சைப் பிடுங்கிவிட்டுத் திறந்தாள். கையில் கேக்கும் கண்ணில் நீருமாக கார்மினே நின்றான்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா? இப்பவாவது புத்தி வந்துச்சே!"

"என் மேல என்ன கோவம், சிஞோரா? முரசடிச்சு அடிச்சுக் கை வீங்கிப்போச்சு, நீங்க வாயே திறக்கலையே!"

"நான் எதுக்குடா திறக்கணும்?"

"வருஷம் பூரா நீங்க திட்டினப்பதானே நம்மாளுங்க கோல் அடிச்சாங்க! இன்னிக்கு ரெண்டு கோல் வாங்கிட்டுத் தவிக்கிறோம். வாய்க்கு வந்தபடி ஒரே ஒரு தடவை திட்டுங்க, தாயே!"

அவள் விருட்டென்று போய் ஜன்னலைத் திறந்தாள். கீழே தெருவே அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தது.

"முட்டாப் பசங்களா! நான் திட்டினா எங்கேயோ கோல் விழுமாடா?"

விழுந்தது. தெரு அதிர்ந்தது.

பிர்கித்தே ஜன்னலுக்கு வெளியே இன்னும் எட்டிச் சாய்ந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்:

"சனியனே, இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?"